எஞ்சின் ஓடும்போது பேசக்கூடாது

ரயில் விசர் என்ற பைத்தியத்துக்கு மருந்து கிடையாது. குடிகாரனையாவது கோயிலுக்கு நேர்த்தி வைத்து ஒரு நாள் திருத்திவிடலாம். பாலேந்திராவைத் திருத்த அவருடைய மனைவி சிவகௌரி பட்ட பாடெல்லாம் வீண். லண்டன் செவன் கிங்ஸில் இப்போதைய வீட்டைப் பார்க்கப் போன அன்று அவள் குசினியையும் குளியலறையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இந்த மனுஷன் நேரே மாடிக்கு ஏறி, பின் அறை ஜன்னலைத் திறந்து, லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் பாதை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். தெரிந்தது. வீடு வாங்கியாயிற்று. கூரை ஒழுகுவது அடுத்த மழைக்குத்தான் தெரிய வந்தது.

வேலை கவுன்சிலில், கட்டட வரைபடப் பிரிவில். நல்ல வேலைதான். ஆனால் மனுஷன் உயிர் வாழ்ந்தது சனிக்கிழமைகளுக்காக. மேனர் பார்க்கில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் ரயில் ஒலிப்பதிவுக் கழகம் கூடும். கழகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மழைச்சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர், நடுவில் எங்கள் பாலேந்திரா, மேசைமேல் ஒரு பெரிய டேப் ரெக்கார்டர், அவ்வளவுதான். மற்ற ரயில் பிரியர்கள் படம் எடுப்பார்கள், எஞ்சின் நம்பர் எழுதுவார்கள். இவர்களுக்கு அதெல்லாம் இளக்காரம். இவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் சரக்கு.

அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும். நாற்பதாம் வகுப்பு எஞ்சின் மலையேறும்போது சீழ்க்கை அடித்ததை ஒருவர் வாயாலேயே செய்து காட்டுவார். ஐம்பதாம் வகுப்பு வீடு கூட்டும் மெஷினைப்போல இரைந்ததால் அதற்கு ‘ஹூவர்’ என்றே பெயர் விழுந்த கதையை இன்னொருவர் நூறாவது தடவையாகச் சொல்லுவார், மற்றவர்கள் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள். டெல்டிக் என்று ஒன்று. அதன் பிஸ்டன்கள் முக்கோணமாக நின்று ஒன்றையொன்று முட்டப் போவதுபோல ஓடுமாம். கிங்ஸ் கிராஸ் சுரங்கத்துக்குள் அது நுழைந்தால் நெஞ்செலும்பு அதிரும். அந்த டெல்டிக்குகளை ஓட்டத்திலிருந்து எடுத்த அன்று டெரிக் அழுதாராம். டெரிக்தான் கழகத்தின் செயலாளர், பார்க்கிங் என்ற ஊரில் தனியாக இருப்பவர், அறுபது தாண்டியவர். மனைவி போனபோதுகூடத் தான் அவ்வளவு அழவில்லை என்று அவரே கூச்சமில்லாமல் சொல்லுவார்.

அந்தக் கழகத்துக்கு இரண்டு சட்டம். நாடா ஓடும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. தேநீர்க் கோப்பை தட்டுப்பட்டாலே எல்லாத் தலையும் திரும்பும். மற்றது, போட்டிக்கு அசல் நாடாவைத்தான் கொண்டுவர வேண்டும். எஞ்சின் பக்கத்தில் நின்றபோது மெஷினுக்குள் எந்த நாடா சுற்றியதோ அதே நாடா. பிரதி எடுத்தால் இரைச்சல் சேருமாம், சுத்தம் கெடுமாம். எங்கள் கோயில்களில்கூட மூலவருக்குப் பதில் வீதிக்கு வர உற்சவர் என்று ஒருவர் உண்டு. இவர்களுக்கு அதுவும் ஆகாது, மூலவரையே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அசட்டுச் சட்டம்தான். ஆனால் பாலேந்திரா அதைத் தேவாரம்போல நம்பினார். வினை அங்கேதான் இருந்தது.

அவரிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்து இலங்கைக்குக் கப்பலேற்றிய சில டீசல் எஞ்சின்களுக்குள் மிர்லீஸ் என்ற யந்திரம் இருந்தது. அதே வழி வந்த யந்திரத்தை இங்கேயும் ஒரு வகை எஞ்சினுக்குப் பொருத்தி ஓட்டிவிட்டு, அறுபதுகளில் கழற்றி வேறு மாற்றிவிட்டார்கள். கழற்றியவற்றில் சில மீன்பிடிக் கப்பல்களுக்குப் போனதாகக் கேள்வி என்று டெரிக் சொல்லுவார். அந்தச் சத்தத்தைத் தேடிக் கழகத்தவர் ஒருவர் துறைமுகம் துறைமுகமாக அலைந்து, சளி பிடித்து வந்து படுத்த கதையும் உண்டு. ஆக, இங்கே செத்துப்போன சத்தம் அங்கே எங்கள் காங்கேசன்துறையில் உயிரோடு இருந்தது. 1982இல் ஊருக்குப் போனபோது பாலேந்திரா அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதுவும் ஆறிக் கிடந்த எஞ்சினைக் காலையில் முதல்முதலாக உயிர்ப்பிக்கும் சத்தம். இருமல், புகைச்சல், ஒரு குலுக்கல், பிறகு மெல்ல மெல்ல ஒரு தாளத்துக்கு வருவது. அதைக் கேட்டால் டெரிக்குக்குக் கண் கலங்கும்.

பிடித்துக் கொடுத்தது தம்பி குலேந்திரா. சீமெந்துத் தொழிற்சாலையில் கிளார்க். சீமெந்து வண்டி இழுக்க வரும் எஞ்சினின் டிரைவரைத் தெரியும், அவருக்குப் பின்னால் மூன்று நாள் திரிந்து, கெஞ்சி, அண்ணன் பக்கத்தில் நிற்க அனுமதி வாங்கியிருந்தான். அவன் வாய்திறந்து ஒருவரிடம் ஒன்று கேட்பதே பெரிய காரியம். அப்படி ஒரு கூச்சக்காரன். எல்லா வீடுகளிலும் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி லண்டனுக்கு அனுப்பிய காலத்தில்கூட, அவன் முன்னால் மைக்கை நீட்டினால் கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

ஆனால் அன்றைக்கு, எஞ்சின் தாளத்துக்கு வந்த அந்த நல்ல நேரத்தில், அவன் அண்ணனின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று பேசத் தொடங்கினான். பாலேந்திராவுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஏசினார். தம்பி சரளைக்கல்லில் சரக் சரக்கென்று நடந்து போய்விட்டான். பிறகு எஞ்சின் மட்டும் நிம்மதியாக ஓடியது. எல்லாமே நாடாவில் இருந்தது, பேச்சு, ஏச்சு, காலடி.

1990 கோடையில் அந்த நாடாவைக் கழகத்தில் முதல்முறையாகப் போட்டார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். அந்த இடம் வந்ததும் சிரித்துவிட்டார்கள்.

“யாரோ யாருக்கோ நன்றாக ஏச்சுக் கொடுக்கிறார்கள்,” என்றார் ஒருவர். பாலேந்திராவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“அதைமட்டும் வெட்டிவிடு, பாலா,” என்றார் டெரிக், அன்பாகத்தான். “செப்டெம்பர் போட்டிக்கு இதைவிட நல்ல நாடா இங்கே ஒருவனிடமும் இல்லை.”

வெட்டினார். பிரதி எடுத்து வெட்டியிருக்கலாமே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றுகிறது. பிரதியைத்தான் போட்டிக்கு ஏற்கமாட்டார்களே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் டெரிக் வீட்டுப் பின்னறையில், நாடாவை மெஷினில் கையால் முன்னும் பின்னும் இழுத்து, தம்பியின் குரல் தொடங்கும் இடத்தையும் தன் ஏச்சு முடியும் இடத்தையும் பென்சிலால் குறித்து, சவர பிளேடால் சரிவாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டினார். சுத்தமான வேலை. வெட்டுண்ட துண்டு கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம் இருந்தது. அது கதிரைக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் பஸ் பிடிக்க ஓடினார்.

கேடயம் அவருக்குத்தான் கிடைத்தது. கேடயம் வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசும்போது, ஜூன் மாதத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலே இல்லை, சண்டை தொடங்கிவிட்டது, இந்தச் சத்தத்தை இனி யாரும் பதிய முடியாது என்றார். நடுவர்கள் அந்தச் சரளைக்கல் காலடியைத் தனியாகப் பாராட்டினார்கள், எஞ்சின் ஆள் யாரோ நடந்து போகும் சத்தம், அந்த இடமே கண்ணுக்குள் வருகிறது என்று. பாலேந்திரா மறுத்துச் சொல்லவில்லை. கேடயத்தைக் கொண்டுவந்து சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார், சிவகௌரி எடுத்து மாடியில் வைத்தாள்.

நவம்பரில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. குலேந்திராவும் மனைவி சந்திரவதனாவும் காங்கேசன்துறைப் பக்கத்தை விட்டு இடம்பெயர்ந்து கொக்குவிலில் ஒரு வீட்டில் இருந்தார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கப் போனவன்மேல் வானத்திலிருந்து குண்டு விழுந்தது. அன்றைக்கே எரித்துவிட்டார்கள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான் இருந்தது.

பாலேந்திரா அழுதார், சாப்பிடாமல் கிடந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்தவர்கள் போன பிறகுதான் அவருக்கு நாடாவின் நினைவு வந்தது. தம்பியின் குரல் இருக்கிறதே! இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினார். நாடாவைப் பூட்டி ஓடவிட்டார். எஞ்சின் இருமியது, குலுங்கியது, தாளத்துக்கு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒரு சின்ன ‘டிக்’. ஒட்டுப்போட்ட இடம். வேறு யாருக்கும் கேட்காது. உடனே காலடி, சரக் சரக்.

அவர் மெஷினை நிறுத்தவில்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐயோ, என்ன வேலை செய்துபோட்டேன் என்று வாய்விட்டே சொன்னார். பிறகு கேடயத்தை எடுத்து அலுமாரிக்குள், பழைய கம்பளிகளுக்கு அடியில் தள்ளினார். சிவகௌரிக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஆகஸ்ட்டில் சந்திரவதனா லண்டன் வந்து சேர்ந்தாள். எந்தெந்த நாட்டுக் குளிரெல்லாம் தின்று வந்தாளோ, அவளும் சொல்லவில்லை, இவர்களும் துருவவில்லை. மாடிச் சின்ன அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். நல்ல பெண். விடியுமுன் எழும்பிக் குசினியைத் துடைத்து வைத்துவிடுவாள். சிவகௌரியோடு ஈஸ்ட் ஹாம் கடைக்குப் போவாள், வழக்கறிஞரிடம் போவாள். ஆனால் பாலேந்திரா முன்னால் மட்டும் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொள்ளும். கேட்டால் பதில் சொல்லுவாள், “ஓம் அண்ணை,” “வேண்டாம் அண்ணை.” முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாள். அவர் தேநீர் ஊற்றி வைத்தால் அது ஆறிப்போய்க் கிடக்கும்.

“கவலைதானே அவளுக்கு,” என்றாள் சிவகௌரி. “உங்கடை முகத்திலை அவன்ரை சாயல் இருக்கு. பாக்கேலாமல் இருக்கும்.”

இருக்கலாம் என்று அவரும் நினைத்துக்கொண்டார். மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம். அவள் பேசாமல் இருப்பதே நல்லது என்றுகூட நினைத்தார்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு காலை, அவர் குசினியில் பாண் வாட்டிக்கொண்டு நின்றபோது, அவள் தானாக வந்து வாசலில் நின்றாள்.

“அண்ணை, உங்களட்டை அவரின்ரை குரல் இருக்காம்.”

அவருக்குக் கை நின்றுவிட்டது.

“அவர் அடிக்கடி சொல்லுறவர். கோச்சிச் சத்தத்தோடை என்ரை குரலும் லண்டனிலை அண்ணையட்டைக் கிடக்கு, நான் செத்தாலும் அங்கை கதைச்சுக்கொண்டிருப்பன் எண்டு பகிடிக்குச் சொல்லுறவர். என்னட்டைப் படம் இருக்கு. குரல் இல்லை. இப்ப நினைச்சாலும் வருகுதில்லை அண்ணை, மறந்துகொண்டு போகுது.” அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அடுத்த மாதம் வருசம் முடியுது, ஆட்டைத் திவசம். அண்டைக்கு ஒருக்காக் கேக்கோணும்.”

“மெஷின் பழுது, பிள்ளை,” என்றார் பாலேந்திரா. “குடுத்துத் திருத்தோணும்.”

“திருத்துங்கோ அண்ணை,” என்றுவிட்டு அவள் போனாள். பாண் கருகிப்போயிற்று.

அன்று பிற்பகலே சிவகௌரி பிடித்துக்கொண்டாள். “இஞ்சாருங்கோ, மெஷின் பழுதெண்டா போன கிழமை மேலை ஆர் கோச்சி விட்டது?”

சொன்னார். வேறு வழி? தொடக்கத்திலிருந்து, சட்டம், போட்டி, பிளேடு எல்லாம் சொன்னார். சிவகௌரி கையிலிருந்த துவாயை மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“வெட்டினதோ? ஒரு கோதாரி விழுந்த கேடயத்துக்காகத் தம்பியின்ரை குரலை வெட்டி எறிஞ்சனீங்களோ?”

“அப்ப அவன் உயிரோடை இருந்தவன், கௌரி.”

“உயிரோடை இருந்தா வெட்டலாமோ?”

அவள் துவாயைக் கட்டிலில் எறிந்தாள். “அந்தப் பிள்ளை கடல் கடந்து ஒரு பையோடை வந்தவள். வேறை ஒண்டும் கேக்கேல்லை, குரலைத்தான் கேட்டவள். திவசத்துக்கு முதல் நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்.”

சொல்லலாம் என்று இரண்டு மூன்று தடவை அவளுடைய அறை வாசல்வரை போனார். கால் போகும், வாய் வராது. கடைசியில் போனது பார்க்கிங்குக்கு. ஒரு வருடத்துக்கு முந்திய வெட்டுத் துண்டைக் குப்பைக்காரன் விட்டுவைத்திருப்பானா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னையே ஏசிக்கொண்டுதான் டெரிக்கின் கதவைத் தட்டினார்.

டெரிக்குக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் பக்கத்தில் இருந்த மனுஷனுக்கு, தம்பி செத்ததைப் பாலேந்திரா சொல்லியிருக்கவில்லை. அந்த மண்டபத்தில் எஞ்சின் சாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். இப்போது நின்றபடியே சொன்னார். நாடாவில் பேசியது அவன்தான், அவன் மனைவி கேட்கிறாள் என்றார்.

டெரிக் சிறிது நேரம் கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி உள்ளே போனார். பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு தட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே அங்குலத் துண்டு, முழத் துண்டு என்று நாடாத் துண்டுகள் சுருண்டு கிடந்தன. யாரோ இருமியது, விமானம் குறுக்கே பறந்தது, நாய் குரைத்தது, கழகத்தவர்கள் அவர் வீட்டில் வெட்டி எறிந்த அழுக்குகள் எல்லாம் அதில் இருந்தன.

“எறியவில்லையா?” என்றார் பாலேந்திரா.

“எப்படி எறிவேன்?” டெரிக் உண்மையிலேயே திகைத்துப்போனார். “பேச்சுக்குப் பின்னால் மிர்லீஸ் ஓடுகிறதே.”

விசருக்கு மருந்தில்லை என்று நான் சொன்னது ஏச்சுத்தான். ஆனால் அன்றைக்கு அந்த விசரைக் கும்பிடலாம்போல இருந்தது.

துண்டை மெஷினில் பூட்டி ஓடவிட்டார்கள். எஞ்சின் சத்தம். ஒரு தொண்டைச் செருமல். பிறகு அவன். மூக்கால் கொஞ்சம் பேசும், கடைசிச் சொல்லை விழுங்கும் அதே குரல். பாலேந்திரா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த விநாடியே தன்னுடைய குரல் வந்து விழுந்தது. இவ்வளவு கொடூரமாகவா ஏசினேன்? வெட்டும்போது கேட்டதெல்லாம் இடைஞ்சலாகத்தான் காதில் விழுந்தது, நினைவில் நின்றது ஒரு சின்ன அதட்டல். நாடாவில் அது நாயை விரட்டும் சத்தம்.

டெரிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காது இருந்தது. அவர் பிளேடை எடுத்து மேசையில் வைத்தார். “வேண்டுமானால் இரண்டாவது குரலை எடுத்துவிடலாம், பாலா. நீ சொன்னால்.”

பாலேந்திரா பிளேடை எடுத்தார். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எடுத்தார்தான். அவள் கேட்கப் போவது புருஷனின் குரலை. அதற்குப் பின்னால் இவருடைய காட்டுக் கத்தல் எதற்கு? எடுத்துவிட்டால் அவளுக்கும் நிம்மதி, இவருக்கும் மானம். நாடாவை விரலால் முன்னும் பின்னும் இழுத்து, தம்பி முடியும் இடத்தைத் தேடினார். அந்த இடம் இல்லை. அவன் கடைசிச் சொல்லைச் சொல்லி முடிக்குமுன்பே இவர் பாய்ந்திருந்தார். இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. தன்னை எடுக்க வேண்டுமானால் அவனை இன்னொரு தடவை வெட்ட வேண்டும்.

பிளேடைக் கீழே வைத்தார். “இருந்த இடத்திலேயே ஒட்டிவிடுவோம்,” என்றார். இருவருமாகப் பழைய ஒட்டைப் பிரித்து, துண்டை அதன் இடத்தில் வைத்து ஒட்டினார்கள். டெரிக் வாசல்வரை வந்து அவருடைய தோளைப் பிடித்தார்.

திவசத்தன்று நல்ல தூறல். ஐயர் வந்து போனார். படையல் எடுத்து, வந்த நாலைந்து பேரும் சாப்பிட்டுப் போன பிறகு, வீட்டில் மரக்கறிக் குழம்பு வாசமும் மூன்று பேரும் மிஞ்சினார்கள். பாலேந்திரா மெஷினை மாடியிலிருந்து இறக்கி வந்து, குலேந்திராவின் படத்துக்கு முன்னால் வைத்தார். சந்திரவதனா தரையில் உட்கார்ந்தாள்.

“பிள்ளை, போட முதல் ஒண்டு சொல்லோணும்,” என்றார். “நான் இதை வெட்டிப்போட்டன். போன வருசம், அவன் இருக்கேக்கை. போட்டிக்குக் குரல் இடைஞ்சலெண்டு வெட்டினனான். மெஷின் பழுதெண்டது பொய். துண்டு கிடைச்சது, ஒட்டிக் கொண்டு வந்திருக்கிறன். அவனை நான் ஏசினதும் அதிலை கிடக்கு. அதையும் கேக்கத்தான் வேணும்.”

அவள் நிமிரவில்லை. “போடுங்கோ,” என்றாள்.

எஞ்சின் இருமியது. குலுங்கியது. சிவகௌரி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்றாள். தாளம் பிடித்தது. தொண்டைச் செருமல்.

“அண்ணை... அண்ணை, உங்களட்டை ஒரு விசயம் கேக்கோணும் எண்டு...”

“வாயைப் பொத்தடா, விசரா! டேப் ஓடுது!”

பிறகு சரளைக்கல். சரக், சரக், சரக். தூரத் தூரப் போனது.

“போறார்,” என்றாள் சந்திரவதனா. “செருப்புச் சத்தம். இடது காலை இழுத்துத்தான் நடக்கிறவர்.”

நடுவர்கள் பாராட்டிய காலடி அது. எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைக்காமல் காத்திருந்தாள், இன்னும் வரும் என்று நினைத்தவள்போல.

“இவ்வளவுதானோ?”

“ஓம், பிள்ளை.”

“பிறகு கேட்டவரோ உங்களட்டை?”

“இல்லை. நானும் என்னடா எண்டு கேக்கேல்லை.”

வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் அவருடைய முகத்தை நேரே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னட்டை வேறை மாதிரியெல்லே சொன்னவர்,” என்றாள் மெதுவாக.

“என்ன சொன்னவன்?”

“நான்தான் கேக்கச் சொல்லி விட்டனான். எங்களையும் லண்டனுக்குக் கூப்பிடச் சொல்லி. இஞ்சை இனி இருக்கேலாது, அண்ணையட்டைக் கேளுங்கோ, கேளுங்கோ எண்டு ரெண்டு கிழமையா அரிச்சனான். நேரை கேக்க அவருக்கு வெக்கம். கோச்சிக்குப் பக்கத்திலை நிக்கேக்கை அண்ணை நல்ல சந்தோசமா இருப்பார், அப்ப கேக்கிறன் எண்டுதான் அண்டைக்கு வெளிக்கிட்டவர். பின்னேரம் வந்து, கேட்டனான், அண்ணைக்கு ஏலாதாம், இனி இதைப் பற்றிக் கதைக்காதை எண்டு சொல்லிப்போட்டார்.”

சிவகௌரி “ஐயோ” என்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒம்பது வருசம் அண்ணை. குண்டு விழேக்கை, ஓடேக்கை, அவரை எரிக்கேக்கை, எல்லாத்துக்கும் உங்களைத்தான் வைஞ்சனான். உங்கடை வீட்டுச் சோத்தைத் திண்டுகொண்டும் வைஞ்சனான். கேட்டிருந்தா? உண்மையாக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?”

தப்பிக்க ஒரு வழி இருந்தது. ‘பாப்பம் எண்டிருப்பன்’ என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்கள் ஊரில் ஓராயிரம் பேருக்குச் சொன்ன பதில் அது, அவளுடைய நெஞ்சுக்கும் அது பாரம் குறைவாக இருந்திருக்கும். ஆனால் பாலேந்திரா 1982இல் நின்ற பாலேந்திராவை நினைத்துப் பார்த்தார். வேலை இருந்தது, வீடு இருந்தது, சிவகௌரியின் தம்பியை அதே வருடம்தான் கூப்பிட்டிருந்தார். கேட்க வந்தது அவருடைய ஒரே தம்பி.

“கூப்பிட்டிருப்பன்,” என்றார். “திரும்பி வந்த கிழமையே அலுவல் பாத்திருப்பன்.”

சந்திரவதனா ஏசுவாள் என்று அவர் காத்திருந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு முழங்காலில் சாய்ந்தாள். சிவகௌரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒருவரும் எழும்பவில்லை. காங்கேசன்துறைக் காலையில் எஞ்சின் நிம்மதியாக ஓட, அந்த நாடா முடியும்வரை மூன்று பேரும் வாய் திறக்காமல் இருந்தார்கள்.